பக்கவாதத்துக்குப் பிறகு இளைத்த கால்: சதை பிடிக்குமா, நடை வருமா?

அப்பாவுக்கு 64 வயது, ஐந்து மாதம் முன்பு பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது, இப்போது ஒருவர் பிடித்துக்கொண்டால் பத்துப் பதினைந்து அடி வைக்கிறார், ஆனால் இடது தொடையும் கெண்டைக்காலும் நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே போகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். பார்க்க வருகிறவர்கள் 'நரம்பு செத்துப்போச்சு, அதான் சதை கரையுது', 'ஆறு மாசம் தாண்டிட்டா அவ்வளவுதான்' என்று சொல்கிறார்களாம். சதை பிடிக்க ஊசி மருந்து உண்டா என்பது உங்கள் கேள்வி. இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கால் ஏன் இளைக்கிறது என்பது ஒன்று, அவர் தனியாக நடப்பாரா என்பது இன்னொன்று. கண்ணுக்குத் தெரிவது சதை என்பதால் வீட்டில் இருப்பவர்கள் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறார்கள். நான் இருபத்திரண்டு வருடமாகப் பக்கவாத நோயாளிகளோடு வேலை செய்யும் பிசியோதெரபிஸ்ட். உங்கள் அப்பாவையும் பார்க்கவில்லை, ஸ்கேனையும் பார்க்கவில்லை. அதனால் அவர் எவ்வளவு தூரம் நடப்பார் என்று இங்கிருந்து சொல்ல எனக்கு வழியில்லை. பொதுவாக எது உறுதி, எது இன்னும் முடிவாகாதது என்று பிரித்துச் சொல்ல முடியும்.

முதலில் அந்த 'நரம்பு செத்துப்போச்சு' விஷயம். காலில் நரம்பு சாகவில்லை. சேதம் மூளையில். மூளையின் வலது பாதியிலிருந்து கிளம்பும் கட்டளை நரம்புகளில் பெரும்பாலானவை மூளையின் அடிப்பகுதியான முகுளத்தில் பக்கம் மாறித் தண்டுவடத்தில் இறங்குகின்றன. அங்கே இன்னொரு நரம்பு செல்லிடம் வேலையை ஒப்படைக்கின்றன. தொடைக்கும் பாதத்துக்கும் போவது அந்த இரண்டாவது நரம்பு. பக்கவாதத்தில் அடிபட்டது முதல் பாதை, இரண்டாவது அப்படியே இருக்கிறது. டாக்டர் முட்டிக்குக் கீழே சுத்தியலால் தட்டும்போது இடது கால் வலதைவிட வேகமாக உதைத்ததைப் பார்த்திருப்பீர்கள். காலுக்குப் போகும் நரம்பே செத்திருந்தால் அந்த உதை வராது. போலியோவிலும், விபத்தில் நரம்பு வெட்டுப்பட்டாலும்தான் அப்படி ஆகும். அப்போது சில வாரங்களிலேயே சதை வற்றிவிடும், தட்டினாலும் அசையாது. உங்கள் அப்பாவின் நிலைமை அது இல்லை.

பிறகு ஏன் இளைக்கிறது? பெரும்பங்கு, அந்தச் சதைக்கு வேலை இல்லாததால். 2007இல் வெளிவந்த ஒரு ஆய்வில் ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்திருந்து பார்த்தார்கள். பத்தே நாளில் கால்களில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ சதை போயிருந்தது. எந்த நோயும் இல்லாதவர்களுக்கே இந்தக் கதி என்றால், வாரக்கணக்கில் படுத்து, பிறகு மாதக்கணக்கில் நாற்காலியில் இருப்பவருக்கு என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். பக்கவாதம் வந்து நாளானவர்களின் தொடையை சிடி ஸ்கேனில் அளந்தபோது, பாதித்த பக்கத்துச் சதை நல்ல பக்கத்தைவிடச் சுமார் 20% குறைவாக இருந்தது. போன இடத்தில் கொழுப்பு புகுந்துகொள்ளும் என்பதால் வெளியிலிருந்து பார்த்தால் இழப்பு குறைவாகத்தான் தெரியும். மிச்சமிருக்கும் சதையின் தன்மையும் மாறுகிறது. நெடுநேரம் தாங்கும் இழைகள் குறைந்து, சட்டென்று இழுத்துச் சட்டென்று களைத்துப்போகும் இழைகள் கூடுகின்றன. பத்தடி நடந்ததும் அப்பா உட்கார இடம் தேடுவதில் இதற்கும் பங்கு உண்டு. சோம்பேறித்தனம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இன்னொன்று, நல்ல கால் என்று நாம் நினைக்கும் வலது காலும் பலவீனமாகியிருக்கும். அதை யாரும் கவனிப்பதில்லை. தண்டுவடத்தில் இருக்கும் இரண்டாவது நரம்பு செல்களும் காலப்போக்கில் கொஞ்சம் குறைகின்றனவா என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் கருத்து ஒற்றுமை இல்லை. அப்படியே இருந்தாலும் செய்ய வேண்டிய பயிற்சி மாறப்போவதில்லை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சதை ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும்போது வலு அதைவிட அதிகமாகக் குறைந்திருக்கும். காரணம், இருக்கிற சதையையே முழுதாக வேலைக்குக் கூப்பிட மூளையால் முடியவில்லை. ஆளும் இருக்கிறார்கள், கருவியும் இருக்கிறது, மேலிடத்து உத்தரவு பாதியில் நின்றுபோகிறது. அதனால்தான் சதையை மட்டும் ஊதவைக்கும் ஊசி ஒன்று இருந்தாலும் அது நடையைக் கொடுத்துவிடாது. என்னிடம் வந்த ஒருவருடைய மகள், ஞாயிற்றுக்கிழமை தோறும் அப்பாவின் தொடையை டேப் வைத்து அளந்து நோட்டில் எழுதிவந்தார். 41, 41.2, 40.8 என்று இரண்டு பக்கம். எண் ஏறாத வாரம் வீடே சோர்ந்துவிடும். அதே மூன்று மாதத்தில் அந்த மனிதர் இரண்டு பேர் தூக்கி நிறுத்தும் நிலையிலிருந்து, நாலுகால் ஊன்றுகோலோடு ஒருவர் பக்கத்தில் நின்றால் போதும் என்ற நிலைக்கு வந்திருந்தார். நோட்டில் அதற்கு இடமே இல்லை. டேப்பை இரண்டு விரல் மேலே கீழே வைத்தாலே அரை சென்டிமீட்டர் மாறும், காலில் நீர் கோத்திருந்தால் இன்னும் மாறும். அடுத்த பக்கத்திலிருந்து ஒரு நாளைக்கு எத்தனை முறை எழுந்து நின்றார் என்று எழுதச் சொன்னேன்.

ஆறு மாதக் கணக்குக்கு வருகிறேன். அதில் பாதி உண்மை இருக்கிறது. தேறுதல் ஆரம்பத்தில்தான் வேகமாக நடக்கும். கோபன்ஹேகனில் 800க்கும் மேற்பட்ட நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்து 1995இல் வெளியிட்ட ஆய்வில், நடை எந்த அளவுக்குத் திரும்புமோ அந்த அளவை 95% பேர் முதல் 11 வாரத்துக்குள் எட்டிவிட்டார்கள். பக்கவாதம் வந்து மூன்று நாளுக்குள் சாயாமல் அரை நிமிடம் உட்கார முடிந்து, காலைக் கொஞ்சமாவது தானாக அசைக்க முடிந்தால், ஆறு மாதத்தில் தனியாக நடக்கும் வாய்ப்பு மிக மிக அதிகம் என்று நெதர்லாந்து ஆய்வு ஒன்றும் காட்டியது. உங்கள் அப்பாவுக்கு அந்த நாட்கள் கடந்துவிட்டன, உண்மைதான். ஆனால் 'பெரும்பாலும் முன்னாடியே நடந்துவிடும்' என்பதை 'அப்புறம் நடக்கவே நடக்காது' என்று மாற்றிச் சொல்வது தப்பு. அமெரிக்காவில் 408 பேரை வைத்து நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு குழுவுக்கு இரண்டாவது மாதத்தில் டிரெட்மில் பயிற்சி, இன்னொரு குழுவுக்கு ஆறாவது மாதத்தில் அதே பயிற்சி, மூன்றாவது குழுவுக்கு டிரெட்மில்லே இல்லாமல் பிசியோ வீட்டுக்குப் போய்க் கொடுத்த வலுப் பயிற்சியும் சமநிலைப் பயிற்சியும். ஒரு வருட முடிவில் மூன்று குழுவும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றன. மொத்தத்தில் 52% பேரின் நடைத்திறன் ஒரு படி மேலே போயிருந்தது. ஆறாவது மாதத்தில் ஆரம்பித்தவர்களும் அதில் அடக்கம்.

மூளையின் தேறுதல் மெதுவாகிவிட்ட பிறகும் சதையின் தேறுதலுக்குத் தடை இல்லை. சுமை கொடுத்தால் சதை பலப்படும், அதற்கு நாள் குறிப்பு கிடையாது. பக்கவாதம் வந்து இரண்டு மூன்று வருடம் ஆனவர்களுக்கும் வலுப் பயிற்சியால் கால் பலம் கூடுகிறது என்பது உறுதியாகத் தெரிந்த விஷயம். அந்தப் பலம் முழுவதும் நடை வேகமாக மாறுகிறதா என்றால், அங்கேதான் சந்தேகம். படுத்துக்கொண்டு காலை நீட்டி மடக்குகிறவருக்கு நீட்டி மடக்குவதில்தான் தேர்ச்சி வரும். நடக்க வேண்டுமென்றால் நிற்பதையும் நடப்பதையும்தான் பழக வேண்டும்.

உங்கள் பிசியோவுக்கு ஆட்சேபம் இல்லையென்றால் நான் முதலில் சொல்வது உட்கார்ந்து எழுவது. கேட்க அற்பமாக இருக்கும். கை வைத்த உறுதியான நாற்காலியைச் சுவரோரம் போடுங்கள். முதலில் உட்காரும் இடம் உயரமாக இருக்கட்டும், மெத்தையை மடித்துப் போட்டாவது உயர்த்துங்கள். அப்பா முன்னால் நகர்ந்து விளிம்பில் உட்கார வேண்டும். இடது பாதத்தைப் பின்னுக்கு இழுத்து வையுங்கள், குதிகால் தரையில் படிய வேண்டும். வலது பாதம் அரை அடி முன்னால். இந்த ஏற்பாட்டில்தான் சூட்சுமமே இருக்கிறது. இரண்டு பாதமும் இணையாக இருந்தாலோ இடது முன்னால் இருந்தாலோ அவர் வலது காலை மட்டும் ஊன்றி எழுந்துவிடுவார், இடது கால் சும்மா கூட வரும். மூக்கு கால்விரல்களுக்கு மேலே வருகிற அளவு முன்னால் குனிந்து, பிறகு எழ வேண்டும். நிமிர்ந்தபடியே எழப் பார்த்தால் பின்னால் சாய்வார், நீங்கள் கையைப் பிடித்து இழுப்பீர்கள். அந்த இழுப்பு வேண்டவே வேண்டாம். தளர்ந்த தோள்பட்டை மூட்டு அப்படித்தான் கழன்று, பிறகு மாதக்கணக்கில் வலி தரும். அவருடைய இடது பக்கம், அரை அடி பின்னால் நின்று, இடுப்பில் கட்டிய அகலமான பெல்ட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். எழுந்ததும் உட்காருவதை மெதுவாக, நான்கு எண்ணும் வரை இழுத்துச் செய்யச் சொல்லுங்கள். பொத்தென்று விழுந்தால் பாதிப் பயிற்சி வீண். சுமையைத் தாங்கிக்கொண்டே இறங்கும்போது தொடைக்கு நல்ல வேலை கிடைக்கிறது.

எத்தனை முறை என்பதில்தான் நாம் எல்லோரும் கஞ்சத்தனம் செய்கிறோம், பிசியோக்களும் சேர்த்துத்தான். பல மையங்களில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்த ஓர் ஆய்வில், நடைப் பயிற்சி என்று சொல்லப்பட்ட ஒரு வேளையில் நோயாளி எடுத்து வைத்த அடிகள் சராசரியாக 357தான். மூளை புதுப் பாதை பழக இது போதாது என்பது என் எண்ணமும். ஐந்து முறை எழுந்து உட்காருவதில் ஆரம்பித்து, ஒரு நாளில் நான்கைந்து வேளையாகப் பிரித்து, சில வாரங்களில் ஐம்பது அறுபதுக்குக் கொண்டுபோகலாம். எளிதாகிவிட்டால் மெத்தையின் மடிப்பை ஒன்று குறைத்து உயரத்தைத் தாழ்த்துங்கள். கடைசி இரண்டு மூன்று முறை சிரமப்பட்டு எழ வேண்டும், இல்லையென்றால் சதை பலப்படக் காரணம் கிடைக்காது. இதோடு உயரமான மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் அடி வைப்பது (இடுப்புச் சதைக்கு, நடக்கும்போது உடம்பு ஒரு பக்கம் சரியாமல் பிடிப்பது அதுதான்), தாழ்வான பலகை மீது இடது காலை வைத்து ஏறி இறங்குவது, பிறகு நடை, மறுபடி நடை. ஊன்றுகோல் வலது கையில். படிக்கட்டில் ஏறும்போது வலது கால் முதலில், இறங்கும்போது இடது கால் முதலில்.

இப்படிச் சுமை கொடுத்தால் கால் இறுக்கம் கூடிவிடாதா என்று யாராவது பயமுறுத்துவார்கள். நான் படித்த காலத்தில் எங்களுக்கே அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். முதல் சில வருடங்கள் நானும் நோயாளிகளைப் படுக்கவைத்து, காலை நானே நீட்டி மடக்கி, கரன்ட் வைத்து அனுப்பினேன். அவர்களுடைய கால்களுக்குத் தேவையான உழைப்பை நான் கொடுக்கவில்லை, அது இப்போதும் உறுத்துகிறது. வலுப் பயிற்சி இறுக்கத்தைக் கூட்டுவதில்லை என்று பிறகு வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது தெளிவானது. இறுக்கம் உண்மையிலேயே நடையைக் கெடுத்தால், உதாரணமாகப் பாதம் உள்பக்கம் திரும்பிக்கொண்டு தரையில் படியாவிட்டால், நரம்பியல் டாக்டரிடம் போடாக்ஸ் ஊசி பற்றிக் கேட்கலாம். இறுக்கத்தைக் குறைப்பதில் அது நன்றாக வேலை செய்யும். வலுவைக் கொடுக்காது. தளர்ந்த அந்த இடைவெளியில் பயிற்சி செய்தால்தான் பலன்.

பாதம் தொங்கிக்கொண்டு முன்விரல் தரையில் தட்டுகிறதா, அதைத் தூக்க இடுப்பை உயர்த்திக் காலை வட்டம் போட்டு வீசுகிறாரா என்று பாருங்கள். அப்படியானால் கணுக்காலைப் பிடிக்கும் பிளாஸ்டிக் பட்டை, ஏஎஃப்ஓ என்பார்கள், அளவெடுத்துப் போடுவது நல்லது. போட்ட அன்றே நடை வேகமும் நிதானமும் கூடுவதைப் பலரிடம் பார்க்கலாம். 'பட்டை போட்டால் கால் சோம்பேறியாகிவிடும்' என்று சொல்லி மறுக்கிற குடும்பங்கள் நிறைய. பட்டை இல்லாமல் பத்து அடி நடக்கும் காலைவிட, பட்டையோடு முந்நூறு அடி நடக்கும் கால்தான் அதிகம் உழைக்கிறது. ஊன்றும்போது முட்டி பின்னால் வளைந்து பூட்டிக்கொள்வதையும் கவனியுங்கள். அது பழகிப்போனால் பின்னால் முட்டி வலியில் கொண்டுபோய் விடும். பட்டையின் கோணத்தை மாற்றியே பல நேரம் அதைச் சரிசெய்யலாம்.

ஊசி, மருந்து பற்றி நேராகச் சொல்கிறேன். பக்கவாதத்தில் போன சதையைத் திரும்பக் கொண்டுவரும் என்று நிரூபிக்கப்பட்ட மருந்து இன்று இல்லை. நம்பிக்கை கொடுத்தது ஒன்று இருந்தது, மனச்சோர்வுக்குக் கொடுக்கும் ஃப்ளூஆக்ஸெடின். 2011இல் 118 பேரிடம் செய்த சோதனையில் கை கால் அசைவு கூடியது, பல டாக்டர்கள் எழுதிக்கொடுக்க ஆரம்பித்தார்கள். 2018இல் 3,000க்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்தபோது அன்றாடச் செயல்திறனில் எந்த வித்தியாசமும் இல்லை, எலும்பு முறிவு மட்டும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அடுத்து வந்த இரண்டு பெரிய சோதனைகளும் அதையே சொன்னன. சின்னச் சோதனையை வைத்து யாராவது ஊசி சிபாரிசு செய்யும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். மனச்சோர்வுக்காகவே கொடுத்திருந்தால் அது வேறு. பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அது வருகிறது, நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். விட்டமின் ஊசிகள் ரத்தப் பரிசோதனையில் குறைபாடு இருந்தால்தான் பயன்.

கரன்ட் சிகிச்சையில் இரண்டு வகை உண்டு. படுக்கவைத்துச் சதையைத் துடிக்கவிடுவதால் நடைக்குக் கிடைப்பது கொஞ்சம்தான். நடக்கும்போதே சரியான நொடியில் பாதத்தைத் தூக்கிவிடும் கருவி வேறு ரகம், அது ஏஎஃப்ஓ பட்டைக்கு ஈடாக வேலை செய்கிறது. மசாஜ் இதமாக இருக்கும், அவருக்குப் பிடித்திருந்தால் செய்யுங்கள், சதை ஏறாது. ஆனால் கெண்டைக்கால் திடீரென்று வீங்கி, சூடாகி, வலித்தால் தேய்க்கவே கூடாது. ரத்தம் உறைந்து கட்டியிருக்கலாம். உடனே மருத்துவமனை. அதோடு மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்.

சாப்பாட்டில் புரதம் போதாமல் உழைக்கவைத்தால் சதைக்குக் கட்டுமானப் பொருள் இருக்காது. இந்த வயதில் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் என்பது பொதுவான கணக்கு. 60 கிலோ இருப்பவருக்கு 60 முதல் 72 கிராம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது, டாக்டரைக் கேளுங்கள். விழுங்கும்போது இருமல் வருகிறதா என்பதையும் பாருங்கள். புரையேறுமோ என்ற பயத்தில் பாதிச் சாப்பாட்டோடு நிறுத்திவிடுபவர்கள் உண்டு, கேட்டால் பசியில்லை என்பார்கள்.

இதைப் படிக்கும் வேறு யாருக்காவது வீட்டில் நேற்றுதான் பக்கவாதம் வந்திருந்தால், மேலே சொன்ன எண்ணிக்கையை முதல் நாளே ஆரம்பித்துவிடாதீர்கள். 24 மணி நேரத்துக்குள் எழுப்பி அடிக்கடி நடமாட வைப்பது நல்லதா என்று 5 நாடுகளில் 2,104 பேரிடம் சோதித்து 2015இல் வெளியிட்டார்கள். வழக்கமான கவனிப்பு பெற்றவர்களைவிட அவர்கள் மூன்று மாத முடிவில் சற்றுப் பின்தங்கித்தான் இருந்தார்கள். எப்போது எழுப்பலாம் என்பதை அந்த வார்டில் இருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.

அப்பா விஷயத்தில் என்னால் ஊகிக்க முடியாதவை சில. அவருக்கு இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே மறந்துபோகிறதா, தட்டின் இடது பாதியைத் தொடாமல் விடுகிறாரா? வலது மூளை பாதித்தவர்களிடம் இது அதிகம், இருந்தால் நடை வரத் தாமதமாகும், விழும் ஆபத்தும் கூடும். இடது பாதத்தில் தொடு உணர்ச்சி எவ்வளவு இருக்கிறது? இதயம் எவ்வளவு உழைப்பைத் தாங்கும், ரத்த அழுத்தம் எந்த எண்ணைத் தாண்டினால் அன்றைய பயிற்சியை விட்டுவிட வேண்டும்? இவற்றை நேரில் பார்க்கிறவர்களிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தொடை அளக்கும் டேப்புக்குப் பதிலாகத் தரையில் பத்து மீட்டருக்கு இரண்டு கோடு போடுங்கள். இரண்டு பக்கமும் ஒரு மீட்டர் கூடுதலாக இடம் விடுங்கள், நடந்துகொண்டே கோட்டைத் தாண்ட வேண்டும். பெல்ட்டைப் பிடித்தபடி, வழக்கமான ஊன்றுகோலோடும் பட்டையோடும் நடக்கச் சொல்லி, போன் ஸ்டாப்வாட்சில் நேரம் பாருங்கள். 25 வினாடிக்கு மேல் ஆனால் இப்போதைக்கு நடை வீட்டுக்குள் மட்டும் என்று கொள்ளலாம். பன்னிரண்டரை வினாடிக்குள் வந்துவிட்டால் பெரும்பாலும் தெருவில் தனியாகப் போய்வரும் நடை. நடுவில் இருந்தால் துணையோடு வெளியே போகலாம். மாதம் ஒரு முறை போதும். தேதி, வினாடி, அன்று எத்தனை முறை எழுந்து உட்கார்ந்தார் என்பதை ஒரே வரியில் எழுதிவையுங்கள். மூன்று மாதம் கழித்து எண் துளியும் அசையாமல் இருந்தால் அந்தத் தாளோடு உங்கள் பிசியோவிடம் போய், பயிற்சியில் எதை மாற்றலாம் என்று கேளுங்கள்.